ஒரே மூச்சில் வாசித்ததா, ஒட்டியதா?

யூடியூபிலோ ஸ்பாட்டிஃபையிலோ பீத்தோவனின் ஒரு சொனாட்டாவை, அதாவது பல பகுதிகள் கொண்ட ஒரு பியானோ படைப்பை, போட்டுக் கேட்கிறீர்கள். இருபது இருபத்தைந்து நிமிடம் ஓடுகிறது, ஆயிரக்கணக்கான ஸ்வரங்கள், ஒன்றுகூடப் பிசகவில்லை. அதே கலைஞர் அதே சொனாட்டாவை மேடையில் வாசித்த வீடியோவைத் தேடிப் பார்த்தால், இரண்டு மூன்று இடத்தில் விரல் வழுக்கியிருக்கும். அப்படியானால் முதலில் கேட்டது என்ன? அவர் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்ததா, இல்லை துண்டு துண்டாக வாசித்து ஒட்டியதா?

பெரும்பாலும் ஒட்டியதுதான். ஸ்டுடியோ முறையில் எடுக்கப்படும் மேற்கத்திய செவ்வியல் இசைப்பதிவு ஒன்றில் நூற்றுக்கணக்கான ஒட்டுகள் இருந்தால் அந்தத் தொழிலில் இருக்கிற யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். புதிதாக இந்த இசையைக் கேட்க வருகிறவர்களுக்கு இது தெரிந்ததும் மனசு கொஞ்சம் சுருங்கிப்போகிறது. 'அப்போ இது நிஜமான வாசிப்பே இல்லையா?' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வெட்டியிருக்கிறார்களா என்பதை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. எதற்காக வெட்டினார்கள், எவ்வளவு நீளமான துண்டுகளைச் சேர்த்தார்கள், சேர்த்ததை வாங்குகிறவரிடம் சொன்னார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில், ஒரு பதிவு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

இடம் பெரும்பாலும் ஒரு தேவாலயம், அல்லது கச்சேரி அரங்கம். கலைஞர் அங்கே இருப்பார். பதிவை மேற்பார்வையிடும் ப்ரொட்யூசர் வேறொரு அறையில் இருப்பார். அவர் முன்னால் இரண்டு ஸ்பீக்கர், மேஜையில் விரித்துவைத்த இசைக்குறிப்பு, கையில் பென்சில். பக்கத்தில் சவுண்ட் இன்ஜினியர். ப்ரொட்யூசர் பேசினால் அரங்கில் உள்ள ஒரு சின்ன ஸ்பீக்கர் வழியாகக் கேட்கும். கலைஞர் ஒவ்வொரு முறை வாசிக்கத் தொடங்கும்போதும் அதற்கு ஒரு எண் கொடுப்பார்கள்: டேக் 1, டேக் 2, டேக் 3.

வழக்கமாக ஒரு பகுதியை முதலில் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை இரண்டு மூன்று தரம் முழுசாக வாசிப்பார்கள். அவ்வளவு நேரமும் ப்ரொட்யூசர் குறிப்பைப் பின்தொடர்ந்தபடி இருப்பார். எந்த டேக்கில் எந்த இடம் பிசகியது, எது அருமையாக அமைந்தது, எங்கே நாற்காலி கிரீச்சிட்டது, எங்கே வெளியே லாரி போனது என்று எல்லாவற்றையும் பென்சிலால் குறித்துக்கொண்டே போவார். மூன்று டேக் முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் பார்த்தால், எந்தெந்த இடத்துக்கு இன்னும் ஒரு சுத்தமான வாசிப்பு கையில் இல்லை என்று தெரிந்துவிடும். அந்த இடங்களை மட்டும் தனியாக வாசிக்கச் சொல்வார். இதைத்தான் பேட்ச் என்கிறார்கள்.

பிறகு எடிட்டிங் அறை. 'இதுவரை டேக் 3, இந்த ஸ்வரத்திலிருந்து டேக் 5, மறுபடி டேக் 3' என்று ப்ரொட்யூசர் ஒரு திட்டம் எழுதித் தருவார். எடிட்டர் அதன்படி சேர்ப்பார். கலைஞர் கேட்டுப் பார்த்து, 'இந்த இடத்தில் வேறு டேக் இருந்தால் போடுங்கள்' என்பார். அப்புறம்தான் அது நம் காதுக்கு வருகிறது. இந்த வேலையில் ப்ரொட்யூசரின் பங்கு எவ்வளவு பெரியது என்பது இசை கேட்கிறவர்கள் பலருக்கும் தெரிவதில்லை. உறையில் அவர் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அவர் காது சரியில்லையென்றால் எவ்வளவு பெரிய கலைஞர் வாசித்தும் பயனில்லை.

இந்த வசதியெல்லாம் காந்த ஒலிநாடா, அதாவது டேப், வந்த பிறகு கிடைத்தது. அதற்கு முன், 1940-களின் கடைசிவரை, பெரும்பாலான பதிவுகள் மெழுகுத் தட்டில்தான். தட்டு சுழலும், ஊசி நேரடியாக மெழுகில் வரி கீறும். 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு, நான்கரை நிமிடம்தான் பிடிக்கும். மூன்றாவது நிமிடத்தில் ஒரு ஸ்வரம் பிசகினால் இரண்டே வழி. அப்படியே விட்டுவிடலாம், இல்லையென்றால் புது மெழுகு வைத்து முதலிலிருந்து வாசிக்க வேண்டும். வாசித்ததைப் போட்டுக் கேட்டுப் பார்க்கலாம் என்றால் அதுவும் முடியாது. கேட்டால் அந்த மெழுகு கெட்டுவிடும். வெளியிடப்போகிற பதிவைக் கேட்காமலேயே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பியானோ கலைஞர் ஆர்டர் ஷ்நாபல் 1932 முதல் 1935 வரை லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் இப்படித்தான் பதிவு செய்தார். முழுத் தொகுதியையும் பதிவு செய்த முதல் கலைஞர் அவர். அதில் 'ஹாமர்கிளாவியர்' சொனாட்டாவின் முதல் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். பீத்தோவன் எழுதிவைத்த வேகம் அசாத்தியமானது. பெரும்பாலானோர் அதைக் குறைத்துக்கொண்டுதான் வாசிப்பார்கள். ஷ்நாபல் அந்த வேகத்தை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார். விரல்கள் பல இடத்தில் தடுமாறுகின்றன, ஸ்வரங்கள் சிதறுகின்றன. ஆனாலும் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரிகிறது, கேட்கிற நமக்கும் தெரிகிறது. தொண்ணூறு ஆண்டுகள் ஆகியும் அந்தப் பதிவு விற்பனையில் இருக்கிறது. இன்றைக்கு ஒரு இளம் கலைஞர் அத்தனை பிசகோடு ஒரு பதிவைக் கொண்டுபோனால் எந்த நிறுவனமும் வெளியிடாது.

இதைச் சொன்னதும், 'அந்தக் காலத்தில் எல்லாம் ஒரே டேக், அதனால் எல்லாம் உயிரோட்டம்' என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். அதுவும் சரியில்லை. ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் ஆர்தர் நிகிஷ் 1913-இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவைக் கொண்டு பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைப் பதிவு செய்தபோது அது எட்டுப் பக்கங்களாக வந்தது. அதாவது நான்கு நிமிடத்துக்கு ஒரு தரம் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் நின்று, தட்டு மாற்றி, விட்ட இடத்திலிருந்து மறுபடி சூடேற்றித் தொடங்க வேண்டும். மெழுகுத் தட்டுக் காலம் முழுக்க இதுதான் நிலை. ஒரே பக்கத்தைப் பல தரம் பதிவு செய்து நல்லதைத் தேர்ந்தெடுப்பதும் அன்றைக்கே வழக்கம். வெட்டி ஒட்டுகிற பிளேடு மட்டும்தான் இல்லை, மற்றபடி துண்டும் தேர்வும் அன்றும் உண்டு. அரை மணி நேர சிம்பொனியை நிறுத்தாமல் வாசித்து நல்ல தரத்தில் பதிவு செய்வது டேப் வந்த பிறகே எளிதானது. வெட்டி ஒட்டவும் அதே டேப்தான் வழி திறந்தது.

ஜெர்மனியின் ஏ.ஈ.ஜி. நிறுவனம் மேக்னட்டோஃபோன் என்ற டேப் கருவியை 1935-இல் பெர்லினில் காட்சிக்கு வைத்தது. மறு ஆண்டே தாமஸ் பீச்சம் நடத்திய லண்டன் ஃபில்ஹார்மோனிக் கச்சேரியை லுட்விக்ஸ்ஹாஃபனில் டேப்பில் பிடித்தார்கள். போர் முடிந்த பிறகு அந்தத் தொழில்நுட்பம் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போனது. 1948-இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டும் வந்துவிட, பத்தே ஆண்டில் பதிவுத் தொழிலே வேறாகிவிட்டது.

டேப்பை வெட்டுகிற கைவேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். அகலம் கால் அங்குலம். தொழில்முறைக் கருவியில் அது ஒரு விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். வேகமான பியானோ ஓட்டத்தில் விநாடிக்குப் பத்து ஸ்வரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஸ்வரத்துக்கு நாலு சென்டிமீட்டருக்கும் குறைவான டேப். எடிட்டர் இரண்டு சுருள்களையும் கையால் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் உருட்டுவார். இசை உறுமலாகக் கேட்கும். அந்த உறுமலில் ஒரு ஸ்வரம் தொடங்குகிற இடம் சட்டென்று ஒரு தட்டலாகத் தெரியும். அந்த இடத்தில் டேப்பின் முதுகில் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. பிறகு டேப்பை உலோகக் கட்டையின் பள்ளத்தில் படியவைத்து, பிளேடால் சாய்வாக ஒரு வெட்டு. சாய்வாக வெட்டினால் பழைய ஒலி மறைந்து புது ஒலி ஏறுவது ஒரு நொடித்துளிக்குள் படிப்படியாக நடக்கும், 'டொக்' என்று கேட்காது. பிளேடில் காந்தம் ஏறியிருந்தால் அதுவும் டேப்பில் ஒரு சத்தத்தை விட்டுவிடும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு முனைகளையும் சேர்த்துவைத்து, பின்பக்கம் ஒட்டுநாடா. அவ்வளவுதான்.

இன்று இதையெல்லாம் கணினித் திரையில் செய்கிறார்கள். ஒட்டுகிற இடத்தில் இரண்டு ஒலியும் ஒன்றின்மேல் ஒன்று எவ்வளவு நேரம் கலக்க வேண்டும் என்பதை மில்லிவிநாடிக் கணக்கில் வைக்கலாம். பிடிக்கவில்லையென்றால் திரும்பப் பழையபடி ஆக்கிவிடலாம். எளிதானதும் ஒட்டுகளின் எண்ணிக்கை ஏறிவிட்டது.

பிசகைத் திருத்த மட்டும்தான் எடிட்டிங் என்று நினைத்தால் கிளென் கூல்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவைச் சேர்ந்த பியானோ கலைஞர். 1955-இல் நியூயார்க்கில் பதிவு செய்த, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' மூலம் உலகப் புகழ் பெற்றவர். 1964-இல், 31 வயதில், மேடைக் கச்சேரியே வேண்டாம் என்று விட்டுவிட்டார். அதன் பிறகு ஸ்டுடியோ மட்டும்தான்.

பாக்கின் 'வெல்-டெம்பர்ட் கிளாவியர்' முதல் தொகுதியில் ஏ மைனர் என்ற ஸ்வர அமைப்பில் ஒரு ஃபியூக் இருக்கிறது. ஃபியூக் என்றால் ஒரே கருப்பொருளை ஒரு குரல் தொடங்க, இன்னொரு குரல் அதையே எடுத்துக்கொள்ள, மூன்றாவது, நான்காவது என்று பின்னிக்கொண்டே போகும் அமைப்பு. இதில் கருப்பொருளுக்கு மட்டும் 31 ஸ்வரம். நான்கு குரலும் விசைப்பலகையின் நடுப்பகுதியிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால் வாசிப்பது கஷ்டம். கூல்ட் எட்டு டேக் வாசித்தார். அதில் 6-ம் 8-ம் நன்றாக வந்தன. இரண்டிலும் தொடக்கம் முதல் முடிவுவரை பிசகே இல்லை. எந்த ஒட்டும் தேவையில்லை. ஒரே டேக்கை அப்படியே வெளியிட்டிருக்கலாம்.

சில வாரம் கழித்து எடிட்டிங் அறையில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டபோது வேறொரு குறை தெரிந்தது. இரண்டுமே சலிப்புத் தட்டின. டேக் 6 கனமாக, ஸ்வரங்களை இழைத்து, கொஞ்சம் மிடுக்கோடு போனது. டேக் 8 ஸ்வரங்களைத் துண்டு துண்டாகத் தெறிக்கவிட்டுத் துள்ளியது. தனியாகக் கேட்டால் ஒன்று முழுக்க ஒரே கனம், மற்றது முழுக்க ஒரே துள்ளல். ஆனால் வேகம் மட்டும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. அப்புறம் என்ன செய்தார்கள் என்றால், தொடக்கத்துக்கு டேக் 6, ஃபியூக் வேறு வேறு ஸ்வர அமைப்புகளுக்கு அலைகிற நடுப்பகுதிக்கு டேக் 8, கடைசியில் ஏ மைனருக்குத் திரும்பும்போது மறுபடி டேக் 6. இரண்டே ஒட்டு. முதல் ஒட்டு 14-ஆவது தாளக்கட்டத்தில் வருகிறது. 1966-இல் எழுதிய ஒரு கட்டுரையில் கூல்டே இதை விளக்கியிருக்கிறார்.

இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். இங்கே எடிட்டிங் எதையும் மறைக்கவில்லை. வாசிக்கும்போது கலைஞருக்கே தோன்றாத ஒரு யோசனை, வாசித்து முடித்து வெளியே வந்து கேட்டபோது தோன்றியிருக்கிறது. எழுதுகிறவர் மறுநாள் தன் பக்கத்தைப் படித்து இரண்டாம் பத்தியை மேலே தூக்கிப் போடுவதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. இசைக் கலைஞருக்கு மட்டும் அந்த உரிமை ஏன் இருக்கக்கூடாது என்பதுதான் கூல்டின் வாதம். பதிவு செய்யும் கலைஞர்களுக்கு அவர் செய்த பெரிய உதவியாக இதைத்தான் சொல்வேன். பின்னொரு சமயம் இசைக் கலைஞர்கள், ஒலித் தொழில்நுட்பர்கள், சாதாரண ரசிகர்கள் எனப் பலரிடம் பதிவுகளைப் போட்டுக் காட்டி, ஒட்டு எங்கே என்று கேட்டுப் பார்த்தார். கண்டுபிடிக்க எல்லோருமே திணறினார்கள்.

ஆனால் கூல்ட் மாதிரி எல்லோரும் ஒட்டுவதில்லை. இங்கேதான் சிக்கல்.

தவறான ஸ்வரம் ஒன்றைப் பென்சிலால் வட்டமிடுவது சுலபம். ஒரு ராகப் போக்கின் மூச்சு எங்கே தொய்ந்தது என்பதை வட்டமிட முடியாது. அதனால் களைத்துப்போன மாலை நேரத்தில், மணி ஓடிக்கொண்டிருக்கும்போது, ப்ரொட்யூசரும் கலைஞரும் வட்டமிட முடிந்ததைத்தான் திருத்துவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இருப்பதிலேயே சுத்தமான டேக்கைப் பொறுக்கிச் சேர்த்தால், எந்தக் குற்றமும் சொல்ல முடியாத, ஆனால் எங்கும் போய்ச் சேராத ஒரு வாசிப்பு கிடைக்கும். ஒவ்வொரு டேக்கிலும் கலைஞர் சற்றே வேறு வேகத்தில், வேறு மனநிலையில் இருந்திருப்பார். நிறையத் துண்டுகளைச் சேர்க்க வேண்டுமென்றால் எல்லா டேக்கும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். அது தெரிந்த கலைஞர் எந்த டேக்கிலும் துணிந்து எதுவும் செய்ய மாட்டார். எனக்குக் கவலை தருவது இதுதான். காதுக்கு ஒட்டு கேட்பதைவிட, ஒட்டுக்காக வாசிப்பையே பத்திரமாக்கிக்கொள்வது பெரிய இழப்பு.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 'பிசகினால் பேட்ச் எடுத்துக்கொள்ளலாம்' என்ற தைரியத்தில் மேடையில் முயன்று பார்க்காத வேகத்தை, நூலிழை மெலிவை ஸ்டுடியோவில் முயன்று பார்க்கிற கலைஞர்கள் உண்டு. ஒரே டேக் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டால் பயத்தில் கட்டிக்காத்து வாசிப்பவர்களும் உண்டு. ஆகவே நீண்ட டேக்குகளை முதுகெலும்பாக வைத்து, சின்னப் பிசகுகளுக்கு மட்டும் பேட்ச் போடுவதுதான் நல்ல முறை என்பது என் எண்ணம்.

சரி, ஒட்டு எப்போது காதில் விழும்? முக்கியமான எதிரி அரங்கின் எதிரொலி. ஒரு நல்ல அரங்கில் ஒரு ஸ்வரம் நின்ற பிறகும் அதன் ஒலி இரண்டு விநாடி அளவுக்குக் காற்றில் நிற்கும். அடுத்த ஸ்வரம் அந்த ஒலிக்குள்தான் பிறக்கிறது. பேட்ச் எடுக்கும்போது கலைஞர் சரியாகத் தேவையான இடத்திலிருந்தே தொடங்கினால், அதற்கு முன்னால் காற்றில் எதுவும் இருக்காது. அதை ஒட்டினால், இருந்த ஒலி திடீரென்று உறிஞ்சப்பட்டது போல இருக்கும். அதனால்தான் பேட்ச் எடுக்கும்போது நாலைந்து கட்டம் முன்னாலிருந்தே வாசிக்கச் சொல்வார்கள், அதே பலத்தோடு.

பியானோவில் ஒரு ஸ்வரத்தின் தொடக்கம் கூர்மையானது. பலமான ஸ்வரத்தின் தொடக்கத்தில் வெட்டினால் அந்த அடியே ஒட்டை மறைத்துவிடும். வயலின்கள் இழைந்து நீண்டு போகிற இடத்தில் வெட்டுவது கஷ்டம். பாடகருக்கு மூச்சு. ஒட்டில் மூச்சு பாதியில் அறுந்தால் உடனே உறுத்தும். மணி ஆக ஆக அரங்கில் சூடு ஏறி ஆர்கெஸ்ட்ராவின் சுருதியும் மெல்ல நகரும். காலையில் எடுத்ததும் மாலையில் எடுத்ததும் சேராமல் போகலாம். அமைதிகூட ஒட்டத்தான் வேண்டும். இரண்டு பகுதிகளுக்கு நடுவில் வரும் இடைவெளிக்கு, யாரும் வாசிக்காதபோது அந்த அரங்கம் எப்படி ஒலிக்கிறது என்பதைத் தனியாகப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். வெறும் சூனியத்தை வைத்தால் கருவி நின்றுவிட்டதோ என்று தோன்றும். லண்டனில் கிங்ஸ்வே ஹால் என்று ஒரு இடம் இருந்தது. ஒலிக்காகவே உலகப் புகழ் பெற்றது. அதன் அடியில் சுரங்க ரயில் ஓடும். அங்கே எடுத்த பழைய பதிவுகளில் மெதுவான இடங்களில் ஹெட்ஃபோன் வைத்துக் கேட்டால் அந்த உறுமல் இன்றும் கேட்கும்.

அதே கிங்ஸ்வே ஹாலில் 1952-இல் ஜெர்மன் நடத்துநர் ஃபுர்ட்வெங்ளர் நடத்த, வாக்னரின் 'ட்ரிஸ்டான் உண்ட் இசோல்டே' ஓபரா பதிவு செய்யப்பட்டது. கதாநாயகி இசோல்டேவாகப் பாடியவர் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட், அப்போது அவருக்கு 56 வயது. இரண்டாம் அங்கத்தில் வரும் உச்சஸ்தாயி ஸ்வரங்களை எட்ட முடியாததால், அவற்றை மட்டும் இன்னொரு பாடகியான எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோப் பாடிக்கொடுத்தார். உறையில் இதைச் சொல்லவில்லை. விஷயம் வெளியே கசிந்தபோது பெரிய சர்ச்சையானது. பதிவு அதனால் மோசமாகிவிடவில்லை. இன்றும் அதை மகத்தான பதிவுகளில் ஒன்றாகவே வைக்கிறார்கள். ஆனால் ரசிகர்களுக்கு வந்த கோபம் புரிந்துகொள்ளக்கூடியது. அவர்களிடம் சொல்லாமல் விட்டதுதான் தவறு.

'லைவ்' என்று போட்டு விற்கிற பதிவுகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பியானோ கலைஞர் விளாடிமிர் ஹோரோவிட்ஸ் 12 ஆண்டுகள் மேடையை விட்டு விலகியிருந்துவிட்டு, 1965 மே 9 அன்று நியூயார்க் கார்னெகி ஹாலில் மறுபடி வாசித்தார். அந்தக் கச்சேரியின் தட்டு அதே ஆண்டில் வந்தது. பாக் எழுதி புசோனி பியானோவுக்கு மாற்றிய டொக்காட்டா என்ற படைப்பின் தொடக்கத்திலேயே, பதற்றத்தில், அவர் விரல் பிசகியிருந்தது. வெளியான தட்டில் அது திருத்தப்பட்டிருந்தது. 2003-இல்தான் வெட்டாத முழுக் கச்சேரியும் வெளியானது. இரண்டையும் கேட்டால் எனக்கு வெட்டாததுதான் பிடிக்கிறது. அந்த முதல் பிசகில் 12 ஆண்டு விலகியிருந்த மனிதரின் மொத்த நடுக்கமும் தெரிகிறது. அதற்குப் பிறகு அவர் எழுந்து நிற்பதன் அருமையும் அதனால்தான் புரிகிறது. அதைத் துடைத்துவிட்டால் வெறும் சுத்தமான டொக்காட்டாதான் மிஞ்சும்.

இன்னொன்று, 1951 ஜூலை 29 அன்று ஜெர்மனியின் பைராய்ட் இசைவிழா போருக்குப் பின் மறுபடி திறக்கப்பட்டபோது ஃபுர்ட்வெங்ளர் நடத்திய பீத்தோவன் ஒன்பதாம் சிம்பொனி. அவர் இறந்த பிறகு ஈ.எம்.ஐ. நிறுவனம் வெளியிட்டது. அந்த ஒரு இரவின் கச்சேரி என்றே பல பத்தாண்டுகள் உலகம் நம்பிக் கேட்டது. 2007-இல் பவேரிய வானொலியின் டேப் வெளியானபோது இரண்டும் ஒன்றில்லை என்று தெரிந்தது. ஈ.எம்.ஐ. பதிப்பில் ஒத்திகையில் எடுத்த பகுதிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்பது இப்போது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து.

இன்றைக்கு ஆர்கெஸ்ட்ராக்கள் 'லைவ்' என்று வெளியிடுவதில் பெரும்பாலானவை, ஒரே நிகழ்ச்சியை இரண்டு மூன்று இரவு வாசித்து, எல்லாவற்றையும் பதிவு செய்து, இருமலும் பிசகும் இல்லாத இடங்களைச் சேர்த்தவை. தேவைப்பட்டால் கூட்டம் போன பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து பேட்ச் எடுப்பதும் உண்டு. கச்சேரியின் சூடும் இருக்கும், சுத்தமும் இருக்கும், ஸ்டுடியோ செலவும் மிச்சம். உறையில் எல்லாத் தேதியும் போட்டுவிட்டால் இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதெல்லாம் கொஞ்சம் விநோதமாக இருக்கும். காரணம் இருக்கிறது. பாக்கின் ஃபியூக்கில் 14-ஆவது கட்டத்தில் என்ன ஸ்வரம் என்பது எந்த டேக்கிலும் மாறாது. அதனால்தான் டேக் 6-ஐயும் 8-ஐயும் மாற்றிப் போட முடிகிறது. தோடி ஆலாபனையை இரண்டு தரம் பாடினால் இரண்டும் வேறு வேறு ஆலாபனை. ஒன்றின் பாதியோடு மற்றதன் பாதி ஒட்டாது. கல்பனாஸ்வரத்தில் பாடகர் பாடியதற்கு வயலின் அப்போதே பதில் சொல்கிறது. மிருதங்கம் இருவரையும் கேட்டுக்கொண்டே கோர்வையை நோக்கிப் போகிறது. நடுவில் அரை ஆவர்த்தனத்தை எடுத்தால் கணக்கே உடைந்துவிடும். பின்னால் தம்பூரா இடைவிடாமல் மீட்டப்படுவதால், ஒட்டுகிற இடத்தில் அதன் மீட்டல் வரிசை தாவினாலும் தெரிந்துவிடும். கீர்த்தனையின் சங்கதிகளை, ஆவர்த்தனத் தொடக்கத்தில் வெட்டி மாற்றலாம். தம்பூராவைத் தனி டிராக்கில் வைத்தால் இன்னும் சுலபம். மனோதர்மம் தொடங்கிவிட்டால் மட்டும் முழு டேக்தான் வழி. கச்சேரிப் பதிவுகளை நாம் ஸ்டுடியோ பதிவுகளைவிட மேலாக வைத்துப் போற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் சுமார் மூன்று நிமிடம் பிடிக்கும் பழைய கிராமஃபோன் தட்டுகளில் ராகத்தை ஒரு கீற்றாகக் காட்டிவிட்டுக் கீர்த்தனைக்குள் பாய்ந்த வித்வான்களும் மெழுகின் கட்டுப்பாட்டுக்குள்தான் பாடினார்கள்.

வெட்டவே முடியாத முறை இன்றும் செத்துவிடவில்லை. 2014 செப்டம்பரில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக், சைமன் ராட்டில் நடத்த, பிராம்ஸின் நான்கு சிம்பொனிகளையும் டேப்பும் இல்லாமல் கணினியும் இல்லாமல் நேரடியாகத் தட்டில் கீறிப் பதிவு செய்தது. ஒரு பக்கம் தொடங்கினால் அது முடியும்வரை நிறுத்த முடியாது. அதைக் கேட்கிறவர்கள் சிலர், ஒவ்வொரு வாத்தியக்காரரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பது கேட்கிறது என்கிறார்கள். இருக்கலாம். நூறு பேர் கூட்டாகப் பொறுப்பேற்கிற ஒரு விறைப்பு அப்படிப்பட்ட பதிவுகளில் இருப்பது உண்மைதான்.

நீங்களே காதைப் பழக்க வேண்டுமென்றால் கூல்டின் ஏ மைனர் ஃபியூக்கிலிருந்து தொடங்குங்கள். இரண்டு நிமிடம் சொச்சம்தான். நல்ல ஹெட்ஃபோன் போதும். கனமாகத் தொடங்கியது எங்கே துள்ளத் தொடங்குகிறது, எங்கே மறுபடி கனக்கிறது என்று கவனியுங்கள். ஒட்டு கேட்காது, மனநிலை மாறுவது கேட்கும். அடுத்து ஹோரோவிட்ஸின் இரண்டு வடிவங்களிலும் டொக்காட்டாவின் முதல் நிமிடத்தை மட்டும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். அப்புறம் ஷ்நாபல்.

வேறு எந்தப் பதிவை எடுத்தாலும் அதன் குறிப்பேட்டில் தேதியைப் பாருங்கள். 'லைவ்' என்று போட்டு ஒரே தேதி மட்டும் இருந்தால், ஒரே இரவின் வாசிப்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மூன்று தேதிகள் இருந்தால் மூன்று இரவுகளின் சேர்க்கை. தனிப் பியானோ பதிவுக்குத் தொடர்ந்து மூன்று நான்கு நாள் தேதி போட்டு ஒரு தேவாலயத்தின் பெயரும் இருந்தால் அது ஸ்டுடியோ முறையில் டேக்கும் பேட்ச்சுமாக எடுத்தது. அதே பக்கத்தில், அடியில், ப்ரொட்யூசர் பெயரும் எடிட்டர் பெயரும் இருக்கும்.